சுடுவது தெரியாத கால்கள்

சித்திரை மாதம், உச்சிக்கால பூஜை நேரத்தில் ஏதாவது ஒரு பெரிய கோயிலின் வெளிப்பிராகாரத்தில் நின்று கவனியுங்கள். குழந்தைகள் கூச்சலிட்டுக்கொண்டே நிழலுக்கு ஓடும். இளைஞர்கள் நுனிக்காலில் தாவித் தாவிப் போவார்கள். பெண்கள் மதில் நிழல் விழும் ஓரமாகவே ஒட்டி நடப்பார்கள். இவர்கள் யாரைப் பற்றியும் எனக்குக் கவலையில்லை. இந்தக் கூட்டத்தின் நடுவே அறுபது வயதுக்காரர் ஒருவர் கைகூப்பியபடி, அவசரமே இல்லாமல், வெயிலிலேயே சுற்றி வருவார். பார்க்கிறவர்களுக்கு அது பக்தியின் உறுதியாகத் தெரியும். எனக்கு அவர் கால் நரம்புகள் மரத்துவிட்டதாகத் தெரியும்.

நீரிழிவால் பாதிக்கப்பட்ட பாதங்களுக்கு மருத்துவம் பார்ப்பது என் வேலை. பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் ஒரே மாதிரியான தீக்காயத்தோடு ஆட்கள் வருவார்கள். இரண்டு உள்ளங்கால்களிலும் ஒரே இடங்களில் கொப்புளம்: குதிகால், விரல்களுக்குக் கீழே உள்ள சதைமேடு, பெருவிரலின் அடிப்பக்கம். நடுவில் வளைந்து தரையில் படாத பகுதி மட்டும் பழுதில்லாமல் இருக்கும். கொப்புளத்தின் வரைபடமே காலடித் தடம்தான். சுட்ட அன்றைக்கு அவர்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை. மூன்றாம் நாள் படுக்கை விரிப்பில் ஈரக்கறையைப் பார்த்த மனைவியோ, கால் பிடித்துவிட வந்த பேத்தியோ சொல்லித்தான் தெரிகிறது.

இவர்களிடம் நான் கேட்பதும் அவர்கள் சொல்வதும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

"வெறுங்கால்ல எங்கயாச்சும் நடந்தீங்களா ஐயா?"

"இல்லீங்க டாக்டர். நீங்க சொன்னதுலேருந்து வாசலுக்குப் போனாகூட செருப்புதான்."

உடன் வந்த மகள் குறுக்கிடுவார்: "பிரதோஷத்துக்குப் போனீங்களேப்பா?"

"அது கோயிலும்மா!"

அவர் பொய் சொல்லவில்லை. கோயிலுக்குள் நடப்பதை வெறுங்காலில் நடப்பதாக அவர் மனம் கணக்கில் எடுப்பதே இல்லை. பள்ளிவாசல் முற்றத்தில் நடப்பதும், வேளாங்கண்ணியில் பேராலயத்திலிருந்து பழைய மாதா குளம் வரை மணலில் போவதும் அப்படியே. 'வெறுங்காலில் நடக்காதீர்கள்' என்று நாங்கள் ஆயிரம் முறை சொல்லியும் பலன் இல்லாமல் போவது இந்த இடத்தில்தான். பிரதோஷ பூஜை மாலையில்தானே, வெயில் தாழ்ந்திருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். காற்று தணிந்திருக்கும்; கல் தணிந்திருக்காது. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கருங்கல் அந்தச் சூட்டை இருட்டும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும்.

தோல் எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரத்தில் வேகும் என்பதற்கு இன்றும் எடுத்துக்காட்டப்படும் கணக்கு 1947-இல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் தந்தது. தோலின் மேற்பரப்பு 44 டிகிரி செல்சியஸில் இருந்தால் காயமாக ஏறத்தாழ 6 மணி நேரம் ஆகும். 49 டிகிரியில் 10 நிமிடத்துக்குள். 55-இல் அரை நிமிடம். 60-இல் 5 நொடி. உள்ளங்கால் தோல் தடித்தது என்பதால் கொஞ்சம் கூடுதல் அவகாசம் கிடைக்கும், அவ்வளவே. தமிழகக் கோடையில் வெயில் நேரடியாக விழும் கருங்கல் தளம் 50 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். தார்ச்சாலை அதற்கும் மேலே. பிராகாரத்தை ஒரு சுற்றுச் சுற்ற ஆகும் நேரத்தை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். நம்மில் பெரும்பாலோர் வேகாமல் திரும்புவதற்கு ஒரே காரணம், 45 டிகிரியை ஒட்டியே வலிக்கத் தொடங்கி, நாம் யோசிக்கும் முன்பே காலைத் தூக்கிவிடுவதுதான்.

பல ஆண்டுச் சர்க்கரை அந்த வலியை அழித்துவிடுகிறது. முதலில் எரிச்சல், ஊசி குத்தல், பிறகு மதமதப்பு, பிறகு பஞ்சின் மேல் நடப்பது போல. 'செருப்பு கழன்று போனதே தெரியவில்லை, பத்தடி நடந்த பிறகு யாரோ கூப்பிட்டுச் சொன்னார்கள்' என்று ஒருவர் சொன்னால், கருவி எதுவும் இல்லாமலே நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். வலி நரம்போடு வியர்வை நரம்பும் கெடும். உள்ளங்கால் காய்ந்து பித்தவெடிப்பு விழும். ரத்தக் குழாய்களும் சுருங்கியிருந்தால் சுட்ட இடம் ஆறவும் ஆறாது. கொப்புளம் புண்ணாகி, புண்ணில் சீழ் வைத்து, சீழ் எலும்பைத் தொட்டால் விரலை எடுக்க வேண்டிவரும். சில சமயம் காலையே.

இது எங்கோ ஒருவருக்கு நடப்பது என்று தள்ளிவிட முடியாது. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இன்டியாப் (ICMR-INDIAB) ஆய்வு இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதத்தினருக்கு இருப்பதாகவும் சொன்னது. எல்லோருக்கும் கால் மரத்துப்போவதில்லை. ஆனால், நோய் வந்து பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆனவர்களும் கோயிலுக்கு அடிக்கடி போகிறவர்களும் பெரும்பாலும் ஒரே வயதுக்காரர்கள். நடை திறந்ததும் முதலில் வரிசையில் நிற்பவர்கள் இவர்கள்தான்.

வலி இல்லாத காலைப் பற்றி உலக மருத்துவம் படித்த பாடத்தின் பெரும்பகுதி வேலூரில் எழுதப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் ஒரு மிஷனரி குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு 1946-இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோய் வந்தால் விரல்கள் தாமாக அழுகி விழும் என்பதுதான் அன்று எல்லோரும் நம்பியது. பிராண்ட் நோயாளிகளின் கூடவே இருந்து கவனித்தார். அடுப்பில் இருந்த கிழங்கை வெறுங்கையால் எடுக்கிறார்கள். துருப்பிடித்த பூட்டைத் தோல் கிழிவது தெரியாமல் திருகுகிறார்கள். இரவில் தூங்கும்போது எலி வந்து விரலைக் கடிப்பதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை. அதற்காகவே நோயாளிகள் பூனை வளர்க்கும்படி ஏற்பாடு செய்யப்பட்டது. விரல் போனதற்குக் காரணம் அழுகல் இல்லை, வலியில்லாமை என்று அவர் நிறுவினார். வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் மரத்துப்போன கால்களுக்கென்று மென்மையான ரப்பர் அடித்தளம் கொண்ட செருப்புகள் உருவாயின. எம்சிஆர் செருப்பு என்று இன்று மருந்துக்கடைகளில்கூட விற்கிறார்களே, அதுதான். 1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், அதே பாடத்தை நீரிழிவு நோயாளிகளின் கால்களுக்கும் பொருத்திக் காட்டினார். உலகம் முழுக்க நீரிழிவு பாத மருத்துவர்கள் செய்வது இன்றும் அதன் தொடர்ச்சிதான்.

அப்படிப்பட்ட வேலூர் இருக்கும் மாநிலத்தில், சர்க்கரை நோயாளியின் செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பார்க்கும் மருத்துவர் குறைவு என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. சீட்டில் மூன்று மாத்திரை எழுதி அனுப்பிவிடுகிறோம். மரத்துப்போயிருக்கிறதா என்று அறியத் தேவைப்படுவது ஒரு நைலான் இழை மட்டும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் அந்த இழையால் பாதத்தில் சில இடங்களைத் தொட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். அதுவும் இல்லையென்றால் வீட்டிலேயே செய்யலாம். கண்ணை மூடிப் படுக்கச் சொல்லி, இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை விரலால் ஓரிரு நொடி மெல்லத் தொடுங்கள். அழுத்த வேண்டாம், தடவ வேண்டாம். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் கால் மரத்திருக்கிறது என்று பொருள். இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவமனையில் உருவான, நம்பகமான சோதனை இது.

மரத்த கால் உள்ளவர்கள் வீட்டுக்குள்ளும் வெளியிலும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, அடித்தளம் இல்லாத காலுறையோடு மட்டும்கூட நடக்கக் கூடாது என்கின்றன நீரிழிவு பாதத்துக்கான சர்வதேச வழிகாட்டுதல்கள். மருத்துவப்படி சரி. ஆனால், இதை அப்படியே எழுதிக்கொடுத்தால் நம் ஊரில் என்ன நடக்கும்? கோயிலுக்குப் போகாதே என்று டாக்டர் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்வார்கள். பிறகு கோயிலுக்கும் போவார்கள், நம்மிடம் சொல்லவும் மாட்டார்கள்.

இந்த இடத்தில் வாட்ஸ்ஆப் 'அறிவியல்' வேறு வந்து சேர்கிறது. கருங்கல் தளத்தில் வெறுங்காலில் நடந்தால் பூமியின் காந்த சக்தி உள்ளங்கால் வழியாக ஏறும், அக்குபிரஷர் புள்ளிகள் தூண்டப்பட்டுச் சர்க்கரை குறையும் என்றெல்லாம் சுற்றுக்கு வரும். சர்க்கரை குறையும் என்று நம்பி, பிராகாரத்தை ஒன்பது முறை சுற்றிவிட்டு வருகிறவருக்குக் கட்டுப் போடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இதில் எதற்கும் ஆதாரமில்லை. செருப்பைக் கழற்றுவதற்கு மரியாதை என்ற ஒரு காரணமே போதாதா? தெருக் குப்பையையும் தோல் பொருளையும் வழிபடும் இடத்துக்குள் கொண்டுபோகாமல் இருப்பது நல்ல வழக்கம். அதற்கு ஒரு பொய்யான மருத்துவச் சான்று தேவையில்லை.

மரியாதையும் காலணியும் எப்போதும் எதிரிகளாக இருந்ததில்லை என்பதையும் நினைவூட்ட வேண்டும். காளத்தியில் சிவனுக்குக் கண்ணைத் தந்த கண்ணப்பர் செருப்பணிந்த காலோடு பூசை செய்தவர் என்பதைச் சைவம் மறைக்கவில்லை. அதைப் பாடிப் போற்றியது. அரங்கநாதனின் பாதுகைகளின் மீது மட்டும் 1008 சுலோகங்களில் 'பாதுகா சஹஸ்ரம்' இயற்றினார் வேதாந்த தேசிகர். நபிகள் காலணியோடு தொழுததாக ஹதீஸ்களில் பதிவு உண்டு. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும்போது, முறைப்படி அணிந்த தோலுறையைக் கழற்றாமல் அதன்மீது ஈரக்கையால் தடவிக்கொள்ளும் சலுகை உள்ளூரில் இருப்பவருக்கு ஒரு பகலும் இரவும், பயணிக்கு மூன்று பகலும் இரவும் என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. உடம்புக்கு ஏற்றபடி விதியைத் தளர்த்துவது நம் மதங்களுக்குப் புதிதில்லை. (வெறுங்கால் எல்லோருக்கும் பக்தியாக இருந்ததும் இல்லை. சில தெருக்களில் சிலர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்திய வரலாறும் இந்த மண்ணில்தான் இருக்கிறது. அது தனியாக எழுத வேண்டியது.)

இனி, செய்ய வேண்டியவை. கட்டடத்திலிருந்து தொடங்கலாம். தஞ்சைப் பெரிய கோயிலின் திறந்தவெளியில் வெந்துகொண்டே நடப்பவர்கள், சுற்றிலும் உள்ள திருச்சுற்று மாளிகையைப் பார்க்க வேண்டும். இராசராசனின் சேனாபதி கிருஷ்ணன் இராமன் அதை எடுப்பித்தான் என்று கல்வெட்டு சொல்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நிழலில் சுற்றி வர ஒரு வழி இருந்திருக்கிறது. இராமேசுவரத்தின் நீண்ட பிராகாரங்கள் கூரையுள்ளவை. அங்கே சூடு பிரச்சினையில்லை, ஈரம்தான். 22 தீர்த்தமாடி நனைந்த காலோடு நடந்தால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும், வழுக்கியும் விடும். பள்ளிவாசல்களில் ஒளு செய்யும் ஹவுள் தொட்டியைச் சுற்றியும் இதே கதைதான். மெக்காவில் கஅபாவைச் சுற்றி வரும் தளத்துக்கு கிரேக்கத்தின் தாசோஸ் தீவிலிருந்து வெண்பளிங்கைக் கொண்டுவந்து பதித்திருக்கிறார்கள். பாலைவன வெயிலிலும் கால் சுடாததற்கு அந்தக் கல்லைத் தேர்ந்தெடுத்ததே காரணம். திருமலை மாட வீதிகளில் கோடைதோறும் வெள்ளைக் குளிர்வண்ணம் பூசுகிறார்கள்.

நம் கோயில்களிலும் தேங்காய்நார் விரிப்பு போடுகிறார்கள், வெள்ளை அடிக்கிறார்கள். நல்லதுதான். நாரும் வெயிலில் சூடாகும். ஆனால், கல்லைப் போல வேகமாகச் சூட்டைக் காலுக்குக் கடத்தாது. அதில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தால் இன்னும் நல்லது. குறை எங்கே என்றால், விரிப்பு கோபுர வாசலிலிருந்து சன்னிதி வரை நேர்கோட்டில் போடப்படுகிறது. வலம் வரும் பாதையில் பாதி தூரம் இருக்காது. இருந்தாலும் இரண்டு பேர் எதிரெதிரே வர முடியாத அகலம். வழிவிடுகிறவர் கல்லில்தான் இறங்க வேண்டும். அதைவிட மோசம் செருப்பு விடும் இடம். பல ஊர்களில் அது ராஜகோபுரத்திலிருந்து எட்டத்தில் இருக்கிறது. திருட்டுப் பயத்தால் காரிலோ பேருந்திலோ செருப்பை விட்டுவிட்டு வருகிறவர்கள் இன்னும் அதிகம். கல்லில் கால் வைக்கும் முன்பே தார்ச்சாலையில் முந்நூறு, நானூறு அடி நடந்துவிடுகிறார்கள். எந்த ஆகமமும் தார்ச்சாலையில் செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை. செருப்பு வைக்குமிடத்தை நுழைவாயிலை ஒட்டிக் கொண்டுவந்து, டோக்கன் கொடுத்து, கட்டணம் வாங்காமல் பார்த்துக்கொண்டாலே பாதிக் காயங்கள் குறையும் என்பது என் கணிப்பு.

பிள்ளையார் சன்னிதி முன் சிதறுதேங்காய் உடைக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். ஓட்டுச் சில்லு காலில் ஏறி, ஒரு வாரம் உள்ளேயே இருந்து, சீழ் வடிந்த பிறகு நாங்கள் இடுக்கியால் எடுக்கிறோம். உடைப்பதற்கென்று தடுப்புச் சுவரோடு ஒரு தொட்டி கட்டினால் போதும். சில கோயில்களில் கட்டியும் இருக்கிறார்கள்.

பாதயாத்திரை வேறு கணக்கு. தைப்பூசத்துக்குப் பழனி, செப்டம்பர் 8 மாதா திருநாளுக்கு வேளாங்கண்ணி, பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் அண்ணாமலை கிரிவலம். இங்கே சூட்டோடு உராய்வும் அழுத்தமும் சேரும். இரவில் நடந்தாலும் தப்பிக்க முடியாது. வேண்டுதலை விடச் சொல்லி நான் யாரையும் கேட்பதில்லை. நடப்பதாக வேண்டிக்கொண்டீர்களா, வெறுங்காலில் நடப்பதாக வேண்டிக்கொண்டீர்களா என்று கேட்பேன். பலர் யோசித்துவிட்டு, நடப்பதாகத்தான் என்பார்கள். அப்படியானால் கனத்த காலுறையும் பழகிய ஷூவும் போட்டு நடங்கள், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து உள்ளங்காலைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். வெறுங்காலில்தான் என்று வேண்டிக்கொண்டவர்களை அவர்கள் மதிக்கும் குருக்களிடமோ, பங்குத்தந்தையிடமோ கேட்டு வரச் சொல்கிறேன். மாற்றுப் பரிகாரம் சொல்லாமல் திருப்பி அனுப்பிய பெரியவர் யாரையும் நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

அறநிலையத் துறையிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. பெரிய கோயில்கள் பலவற்றில் சக்கர நாற்காலி வைத்திருக்கிறார்கள். அது கோயிலுக்குள் மட்டுமே ஓடுவது, அதனால் தீட்டில்லை என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டோம். அதே முறையில், துணியும் ரப்பர் அடித்தளமும் கொண்ட, தோல் சேராத, கழுவித் துவைத்து வைத்த காலணிகளைக் கோயிலே வைத்திருக்கலாம். மருத்துவச் சான்று காட்டுகிறவர்கள் வாங்கி அணிந்து, கொடிமரம் வரையோ, நிழல் மண்டபம் தொடங்கும்வரையோ போய், அங்கே கழற்றிவிட்டு உள்ளே தரிசனம் செய்யட்டும். திரும்பும்போது கொடுத்துவிடட்டும். சான்று தரும் வேலையை அரசு மருத்துவமனைகளில் 'பாதம் பாதுகாப்போம்' திட்டத்தில் பாதம் பார்க்கும் மருத்துவர்களிடமே ஒப்படைக்கலாம். பள்ளிவாசல் ஜமாஅத்துகளும் ஆலயப் பங்குப் பேரவைகளும் இதைவிடச் சுலபமாக முடிவெடுக்க முடியும். ஒரு கோயிலில், ஒரு கோடையில் சோதனையாகச் செய்து பார்க்கட்டும்.

அதுவரைக்கும் வீட்டில் சர்க்கரை உள்ளவர் இருந்தால், காலை எட்டு மணிக்கு முன்போ, இருட்டிய பின்போ கோயிலுக்கு அழைத்துப் போங்கள். சன்னிதி வாசல் வரை செருப்போடு போய், அதை ஒரு பையில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். இல்லையென்றால் கனத்த காலுறையாவது அணியச் சொல்லுங்கள். முழுப் பாதுகாப்பு கிடையாதுதான், வெறுங்காலுக்கு அது மேல். வீடு திரும்பியதும் இரண்டு பாதங்களையும் கழுவி, விரலிடுக்குகளை ஈரம் போகத் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள். குனிய முடியாதவர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். கொப்புளம் இருந்தால் குத்தி உடைக்காதீர்கள். மஞ்சள், பற்பசை, பேனா மை எதையும் தடவாதீர்கள். சுத்தமான துணியால் மூடி, அன்றே மருத்துவரிடம் போங்கள். வலிக்கவில்லையே, நாளைக்குப் பார்க்கலாம் என்று அவர் சொல்வார். கேட்காதீர்கள், கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

- கட்டுரையாளர், நீரிழிவு பாத சிகிச்சை மருத்துவர்.